இருவருக்கு மேல் வாசிக்கக் கூடாது

ஓர் அலுவலர் கையாளும் விடயத்தில் அவருடைய உறவினர் ஒருவருக்குத் தொடர்பு இருந்தால், அலுவலர் அதை அன்றைக்கே எழுத்தில் மேலாளருக்கு அறிவித்துவிட்டுக் கோப்பை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். உறவினர் என்றால் யார் யார் என்று கீழே ஒரு பட்டியல் இருக்கும். உடன்பிறந்தோர் இரண்டாவது வரியில் வருவார்கள். கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலின் லைசென்ஸ் பிரிவில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அந்த விதியை ஆண்டுதோறும் வகுப்பெடுத்ததும் நான்தான். உதாரணங்கள்கூட வைத்திருந்தேன்: மைத்துனரின் சாப்பாட்டுக் கடை, சித்தப்பாவின் மினிகாப் டாக்சி. என் சொந்த உதாரணத்தை மட்டும் ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை.

இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். இப்போது அது வழக்கத்தில் இல்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பப்பில், தனி அனுமதி எடுக்காமல், இரண்டு பேர் வரை வாசிக்கலாம். மூன்றாவது ஆள் சேர்ந்தால் குற்றம். இரண்டு பேர் மின்கிட்டாரை வைத்துக்கொண்டு கூரையைப் பிளந்தாலும் சட்டத்துக்குக் கவலையில்லை. மூன்றாவது ஆள் ஒரு மணியை மெல்லத் தட்டினாலும் கவலை. இப்படி ஒரு விதியை எழுதியவர் சங்கீதம் தெரியாதவர் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. எண்ணுவதற்குச் சுலபமான விதி அது. சத்தத்தை அளக்கக் கருவி வேண்டும். மூன்று வரை எண்ணத் தெரிந்தவன் ஆரும் லைசென்ஸ் அதிகாரியாகலாம்.

அந்த மூன்றாவது ஆள் என் அண்ணை.

அண்ணை எனக்கு எட்டு வயது மூத்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கியல் படிக்க என்று லண்டனுக்கு வந்தார். இரண்டாவது சோதனையோடு அதைக் கைவிட்டு, ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேயே இருந்தார். ஊரிலேயே சிற்றலை வானொலியில் வரும் அமெரிக்க ஜாஸ் நிகழ்ச்சியைக் கேட்டுப் பழகியவர். இங்கே வந்ததும் மாலை வகுப்பொன்றில் டிரம்ஸ் படித்தார். அப்போது அவர் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். வீட்டுக்காரி போட்ட நிபந்தனைகள் மூன்று: மீன் பொரிக்கக் கூடாது, விருந்தாளி தங்கக் கூடாது, சத்தம் கூடாது. ஆகவே தடியால் அடித்துப் பழக வழியில்லை. பழைய தொலைபேசிப் புத்தகத்தை மடியில் வைத்து, அதன் மேல் பிரஷ்ஷால் பழகினார். மெல்லிய கம்பிகளை விசிறி போலச் சேர்த்துக் கட்டிய கைத்துடைப்பம் என்று பிரஷ்ஷைச் சொல்லலாம். அதை டிரம்ஸின் தோலின் மேல் வட்டமாக இழுத்தால் மணலில் அலை திரும்பிப் போகிற மாதிரி ஒரு சத்தம் வரும். இருபது வருடம் கழித்து, கிழக்கு லண்டனில் பிரஷ் பிடிக்க அவரைப் போல ஒருவர் இல்லை என்று அவரோடு வாசித்த பியானோக்காரர் சொல்வார். அதில் பாதிப் பெருமை அந்த வீட்டுக்காரிக்குப் போக வேண்டும்.

எனக்கும் அண்ணைக்கும் இடையில் தீராத வழக்கொன்று இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்காவில் ஜாஸ் ஏன் அப்படி மாறியது என்பதே வழக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனோர் பார்க்கில் அவருடைய வீட்டில் சாப்பிட்ட பிறகு விசாரணை தொடங்கும்.

"போருக்கு முன்னம் அது ஆட்டத்துக்கான சாமான், தம்பி," என்று அண்ணை ஆரம்பிப்பார். "பதினாறு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசிக்க, ஆயிரம் பேர் ஆடுவினம். போருக்குப் போய் வந்தவன் வேற ஆள். ஐரோப்பாவில துவக்குப் பிடிச்ச கறுப்பனை, ஊருக்கு வர அதே பின்கதவால வா எண்டுறான் ஹோட்டல்காரன். அவன் இனி ஆருக்குச் சிரிச்சுக் காட்டி வாசிப்பான்? நான் வாசிக்கிற வேகத்துக்கு ஏலுமெண்டா ஆடு பாப்பம் எண்டான். ஆடின சனம் ஆடேலாமல் கதிரையில இருந்திட்டுது. அப்பத்தான் பாட்டைக் கேக்கவே தொடங்கிச்சுது."

"அது கதை, அண்ணை. காரணம் வரி."

நான் புத்தகம் பார்த்துத்தான் பேசுவேன். போரின் கடைசிக் காலத்தில் அமெரிக்க அரசாங்கம் இரவு விடுதிகளுக்கு ஒரு வரி போட்டது. நூற்றுக்கு முப்பது, பிறகு இருபது. ஆட்டம் இருந்தால் வரி, பாட்டுக்காரி பாடினால் வரி. வெறும் வாத்தியத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால் வரியில்லை. விடுதிக்காரர்கள் ஆடும் தளத்தில் மேசை போட்டார்கள். பதினாறு பேர் நிற்கிற மேடை ஐந்து பேர் நிற்கிற மேடையானது. பெற்றோலும் டயரும் பங்கீட்டில் இருந்த காலத்தில் பெரிய குழுவைப் பஸ்ஸில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகவும் முடியவில்லை. வாத்தியக்காரர் சங்கம் இசைத்தட்டுக் கம்பனிகளோடு சண்டை பிடித்துப் பதிவு செய்ய மறுத்த இடைவெளியில் பாடகர்கள் முன்னுக்கு வந்துவிட்டார்கள். சனம் குழுவை மறந்து பாடகரைத் தேடியது. மேதைகள் இருந்தார்கள்தான். ஆனால் மேதை வந்து கதிரையில் இருப்பதற்கு முன்னாலேயே கதிரையைப் போட்டு வைத்தது ஒரு படிவம்.

"கேட்டீரே உவன்ர கதையை?" என்று அண்ணை குசினிப் பக்கம் பார்த்துக் கத்துவார். "பாட்டை வரிக் கந்தோர்தான் கண்டுபிடிச்சதாம்!"

அண்ணையின் மனைவியை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். குசினிக்குள் இருந்து மச்சாளின் தீர்ப்பு வரும். "ரெண்டு பேரும் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வையுங்கோ. அதுக்கு அமெரிக்காவில ஆளில்லை."

மிச்சக் கதையில் எங்களுக்குள் சண்டை குறைவு. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. இளம் பிள்ளைகள் ரொக் அண்ட் ரோலின் பின்னால் போய்விட்டார்கள், ஏனென்றால் அதற்கு ஆடலாம். ஜாஸ் பல்கலைக்கழக மண்டபத்துக்கும் வெளிநாட்டுத் தூதுக்கும் போனது. சொந்த ஊரில் பின்கதவால் வரச்சொன்ன ஆட்களையே அரசாங்கம் விமானத்தில் ஏற்றி, சுதந்திரத்துக்கு எடுத்துக்காட்டு என்று உலகத்துக்குக் காட்டியது. பிறகு சிலர் மின்சார வாத்தியத்துக்கு மாறி இளைஞரைத் தேடிப் போனார்கள். அண்ணை இதையெல்லாம் மூன்று வசனத்தில் முடிப்பார்: "ஆடின சனம் இருந்துது. இருந்த சனம் கண்ணை மூடிச்சுது. கண்ணைத் திறந்து பாத்தால் பக்கத்துக் கதிரையில ஆளில்லை."

ஆளில்லாத கதிரைகளுக்குத்தான் அவரும் வாசித்துக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளில், ஞாயிற்றுக்கிழமைகளில், வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த ஒரு பப்பின் பின்னறையில் மூன்று மணிக்கு அவருடைய குழு வாசிக்கும். டிரினிடாட்டிலிருந்து வந்து தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் பியானோ. ஐரிஷ்காரப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பேஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம். அண்ணை டிரம்ஸ். கேட்பதற்கு இருபது பேர் வந்தால் அது பெருநாள். "ஒருக்கா வந்து கேளன்ரா," என்று அண்ணை என்னைக் கூப்பிடாத கிழமை இல்லை. எனக்கு ஒவ்வொரு கிழமையும் ஒரு வேலை இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தப் பப் என் மேசைக்கு வந்தது. அயல் வீட்டுக்காரர் முறைப்பாடு எழுதியிருந்தார்: ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னறையில் இசை, இரண்டுக்கு மேற்பட்ட ஆட்கள். உரிமையாளர் தனி அனுமதி எடுத்திருக்கவில்லை. முறைப்படி நான் அன்று செய்ய வேண்டியது ஒரே ஒரு தாளில் இரண்டு வரி எழுதுவது. எழுதவில்லை.

எழுதாவிட்டாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. காரணம் எங்கள் பெயர்கள். எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். அண்ணை இங்கே வந்திறங்கியபோது, கடைசிப் பெயர் என்ன என்று படிவம் கேட்டது. கடைசியில் இருந்தது அவருடைய சொந்தப் பெயர். அதையே எழுதிவிட்டார். பன்னிரண்டு வருடம் பின்னால் வந்த நான் படிவத்தின் குறிப்புகளை வாசித்து, குடும்பப் பெயர் என்றால் தகப்பன் பெயர் என்று விளங்கி, அப்பாவின் பெயரை எழுதினேன். நான் செய்தது சரி. அவர் செய்தது பிழை. பலன், ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர் இங்கிலாந்தின் பதிவேடுகளில் அந்நியர்கள் ஆனோம். லண்டனில் எங்கள் ஆட்களின் வீடுகளில் பாதி இப்படித்தான். எனக்கு மட்டும் அது ஒருநாள் வசதியாகப் போயிற்று.

ஏன் அறிவிக்கவில்லை என்பதற்கு அப்போது நல்ல காரணங்கள் வைத்திருந்தேன். வேலையில் நிரந்தரமாகவில்லை. வேறொருவர் போனால் நேரே வழக்குப் போடுவார், நான் போனால் மென்மையாக முடிப்பேன். விதியை மீறுகிற எல்லாரும் தாங்கள் போனால் மென்மையாக முடியும் என்றுதான் சொல்வார்கள் என்பதைப் பிறகு வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். காரணங்களுக்கு அடியில் இன்னொன்றும் கிடந்தது. படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். ஒழுங்காகப் படித்தவன் நான். ஆனால் ஒரு பின்னறையில் பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரர் அவரைப் பார்க்கக் காசு கொடுத்துப் பியர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அறையில் நான் எண்ணுகிற ஆளாகப் போவதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலுக்கு வெளியே நின்று, கந்தோர் தந்த சிறிய கசெட் ரெக்கோர்டரில் முறைப்படி இடம், நேரம், என் பதவி எல்லாம் சொன்னேன். உள்ளே போய்ச் சுவரோரம் ஒரு மேசையில் ரெக்கோர்டரை வைத்து, பாதியை நாளிதழால் மூடினேன். அண்ணை என்னைக் கண்டார். பிரஷ்ஷை உயர்த்திக் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஒரு பாட்டு முழுவதும் இருந்துவிட்டு எழுந்து வந்தேன். "வாசித்தவர்களுடன் உரையாடவில்லை" என்று அறிக்கையில் எழுதினேன். வாசித்தவர்கள்: மூன்று.

கடிதம் மென்மையாகத்தான் போனது. அனுமதி எடுக்கலாம், அல்லது ஆட்களை இரண்டாகக் குறைக்கலாம். அனுமதி எடுக்க இரண்டாவது அவசர வாசல் கட்ட வேண்டும். பப்காரர் சுவரைப் பார்த்தார், மூன்று பேரையும் பார்த்தார், சுவரை விட்டுவிட்டார். பியானோ இல்லாமல் பாட்டு இல்லை, பேஸ் இல்லாமல் பியானோ இல்லை. டிரம்ஸ் இல்லாமல் சமாளிக்கலாம்.

அந்தக் கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணை கடிதத்தை மேசையில் வைத்தார். பப்காரர் கொடுத்திருக்கிறார். அடியில் என் கையெழுத்து.

"இங்கிலீஷ் நல்லாயிருக்கு," என்றார். "ஒரு பிழை இல்லை."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் உயிரோடிருந்தார், நாங்கள் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அவர் திரும்ப வாசிக்கவும் இல்லை. டிரம்ஸைக் கழற்றிப் பின்வளவுக் கொட்டிலில் வைத்தார். அங்கே அதன் தோல் ஈரம் பிடித்துத் தளர்ந்தது. பிரஷ்ஷை மட்டும் குசினி லாச்சியில் கரண்டிகளோடு வைத்திருந்தார். நான் கரண்டி எடுக்கப் போகும்போதெல்லாம் கம்பிகள் கையில் படும்.

இசைத்தட்டுகளைக் கேட்டார், வழக்கும் தொடர்ந்தது. ஒருநாள் நியூயோர்க்கின் பழைய விதியொன்றைப் பற்றிச் சொன்னேன். அங்கேயும் தனி அனுமதி இல்லாத இடங்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது. மூன்று பேர் வரை வாசிக்கலாம்.

"பரவாயில்லை. அவன்கள் மூண்டு பேரை விட்டிருக்கிறான்கள்," என்றார் அண்ணை.

"ஓம். ஆனால் ஊதுற வாத்தியமும் டிரம்ஸும் கூடாது."

அண்ணை இசைத்தட்டை நிறுத்தினார். பிறகு சிரித்தார். "எல்லா ஊரிலும் உன்னை மாதிரி ஒருத்தன் இருந்திருக்கிறான்."

அதுதான் அவர் சொன்னதில் அந்தக் கடிதத்துக்கு மிகக் கிட்ட வந்த சொல்.

அந்தக் கசெட் கோப்போடு சேர்ந்து கந்தோர் களஞ்சியத்துக்குப் போனது. இத்தனை வருடத்துக்குப் பிறகு அழிக்கவும் என்று உறையில் எழுதியதும் நானே. அந்தக் காலம் வந்ததும் பட்டியல் என் மேசைக்கு வந்தது: அழிக்கலாமா, வைத்திருப்பதா. நூற்றுக்கணக்கான வரிகளுக்கு எதிரே "அழிக்கவும்" என்று போட்டேன். அந்த ஒரு வரிக்கு எதிரே மட்டும் "மேல் பரிசீலனைக்கு வைத்திருக்கவும்" என்று எழுதினேன். என்ன பரிசீலனை என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடமும் அதையே எழுதினேன். ஓய்வு பெறும் வரைக்கும் எழுதினேன். எடுத்துக்கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அரசாங்கச் சான்றுப் பொருளை எடுத்தால் களவு. முறைப்படி கேட்டால், யார் இவர் உனக்கு என்று படிவம் கேட்கும். ஓய்வு பெற்ற பிறகு அந்த வரிக்கு எதிரே எழுத ஆளில்லை. எழுதாவிட்டால் அழிப்பது என்பதுதான் விதி. அந்த விதியும் எனக்குத் தெரியும்.

போன வருடம் புரட்டாதியில் அண்ணை இறந்தார். இருதயம். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு எனக்கு அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது. மழை ஈரத்தில் பஸ் டயர் உருள்கிற சத்தம் பிரஷ்ஷைப் போல. எலிசபெத் லைன் ரயிலின் கதவு மூடுகிற சத்தம் பிரஷ்ஷைப் போல. கோயில் மண்டபத்தை யாரோ கூட்டினால் நான் திரும்பிப் பார்ப்பேன். காது டொக்டரிடம் போனேன். வயதுக்கு ஏற்ற காது என்று எழுதித் தந்தார். பேயை நான் நம்புவதில்லை. அதற்கு ஒரு விண்ணப்பப் படிவம் இல்லாததும் ஒரு காரணம்.

தை மாதத்தில் ஒருநாள் மச்சாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே இருந்தா.

"தம்பி, அவற்ற குரல் என்னட்ட ஒண்டிலயும் இல்லை. பிள்ளையளின்ர கலியாண வீடியோவிலயும் பாட்டைத்தான் போட்டு மூடி வைச்சிருக்கிறாங்கள். ஆட்டைத் திவசத்துக்கு முன்னம் அந்தக் கசெட்டை ஒருக்கா எடுத்துத் தாங்கோ."

"எந்தக் கசெட்?"

"உங்கட கந்தோரில கிடக்கிறது. நீங்கள் அண்டைக்குப் பப்புக்குக் கொண்டு போனது."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். மச்சாளுக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்தேன். கேட்காமலே சொன்னா.

"அண்டைக்கு வீட்ட வந்து என்ன துள்ளல் துள்ளினவர் தெரியுமே? தம்பி வந்தவன், பேப்பருக்குக் கீழ ரெக்கோர்டர் வைச்சிருந்தவன், சிவப்பு லைட் தெரிஞ்சுது எண்டார். எனக்குத் தெரியாமல் ஒளிச்சு வைச்சுப் பதியிறான், வெக்கப்படுறான் எண்டார். லைட்டைக் கண்டாப் பிறகு தனிய ஒரு ரவுண்ட் வாசிச்சவராம். அப்பிடித் தான் ஒருநாளும் வாசிச்சதில்லையாம்." மச்சாள் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னா. "பிறகுதானே கடிதம் வந்தது."

"மச்சாள், நான்..."

"எனக்கு உங்கட விளக்கம் வேண்டாம், தம்பி. கசெட்டைத் தாங்கோ."

ஆட்டைத் திவசம் என்றால் முதலாம் வருட நினைவு. எட்டு மாதம் இருந்தது. ஒரு கவுன்சிலுக்கு அது தாராளம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள்.

முதலில் குறுக்கு வழியொன்று போட்டேன். கசெட்டில் என் குரலும் இருக்கிறது. ஒருவர் தன்னைப் பற்றிய பதிவைக் கேட்டால் ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அண்ணையின் பெயரை எழுத வேண்டியதில்லை. இறந்தவர்களுக்கு அந்தச் சட்டத்தின் கீழ் உரிமை எதுவும் இல்லை, எனக்கு உண்டு. எழுதினேன். ஒரு மாதத்தில் அல்ல, மூன்றாவது மாதத்தில் பதில் வந்தது. களஞ்சியம் இடம் மாறியதால் பொருள் இருக்கிறதா என்று இன்னும் உறுதியில்லை. இருந்தால், மற்றவர்களுக்கு உரிய பகுதிகளை நீக்கிவிட்டு, என் குரல் உள்ள பகுதியை மட்டும் தரலாம்.

வாசித்துவிட்டுச் சிரித்தேன். பாட்டை வெட்டி எறிந்துவிட்டு, இடம், நேரம், பதவி என்று நான் சொல்வதை மட்டும் தருவார்கள். முறைப்படி அது முற்றிலும் சரி. நான் அந்த மேசையில் இருந்திருந்தால் அதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பேன், இன்னும் நல்ல இங்கிலீஷில்.

நேர்வழி ஒன்றுதான் மிச்சம். இறந்தவரின் நெருங்கிய உறவினர் கேட்கிற படிவம். நான்காவது கேள்வி: பதிவில் உள்ளவர் உமக்கு என்ன உறவு? "அண்ணன்" என்று எழுதினேன். முப்பது வருடத்துக்குக் கிட்டப் பிந்திய அறிவித்தல். அதற்கு ஆதாரம் கேட்டார்கள். பெயர்கள் பொருந்தவில்லை என்று கணினி சொன்னதாம். எங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்களையும், மொழிபெயர்ப்பையும், எங்கள் ஆட்கள் பெயர் எழுதும் முறையைப் பற்றி இரண்டு பக்க விளக்கத்தையும் வைத்தேன். விளக்கத்தின் கடைசியில், இந்தக் கோப்பைக் கையாண்ட அலுவலரும் விண்ணப்பதாரரும் ஒரே ஆள் என்றும், உறவை அவர் அப்போது அறிவிக்கவில்லை என்றும் ஒரு வரி சேர்த்தேன். அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் கோப்பு முழுமையாக இருக்க வேண்டும்.

இருபது வேலை நாள் போயிற்று. நாற்பது போயிற்று. நினைவூட்டல் எழுதினேன், மறுபடி எழுதினேன், மேன்முறையீடு எழுதினேன். தானியங்கி மின்னஞ்சல்கள் நன்றி சொன்னன. புரட்டாதியில் ஆட்டைத் திவசம் வந்தது. ஐயர் வந்தார், பிள்ளைகள் தோர்ண்டன் ஹீத்திலிருந்து வந்தார்கள், அண்ணைக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பைப் படைத்தார்கள். மச்சாள் என்னைப் பார்த்தா. நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. மச்சாள் அப்பால் திரும்பிக்கொண்டா. அன்றைக்கு வீட்டிலிருந்த எல்லாருக்கும் சோறு போட்டா, எனக்கும் போட்டா. ஏற்கனவே அழிக்கப்பட்டுவிட்ட பொருளுக்காகத்தான் இத்தனை தாள் எழுதினேன் என்று அன்று முடிவெடுத்துவிட்டேன்.

பிறகு ஒரு காலையில், கையெழுத்து வாங்கிக்கொண்டு தபால்காரர் ஒரு தடித்த உறையைக் கொடுத்தார். திறக்காமல் நேரே மனோர் பார்க்குக்குப் பஸ் எடுத்தேன். மழை. வழி முழுக்க டயர்கள் பிரஷ் போட்டுக்கொண்டு வந்தன.

மச்சாள் கத்தரிக்கோலால் உறையை வெட்டினா. உள்ளே கசெட். ஒரு பக்கக் கடிதம். அழிப்புப் பட்டியலில் இந்த வரிக்கு எதிரே மட்டும் வருடா வருடம் ஒரே கையெழுத்தில் ஒரே குறிப்பு இருந்ததாம். அந்த அலுவலர் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர்களுக்கு அந்தப் பரிசீலனை எதற்கென்று தெரியவில்லை. தெரியாததால் தொடவில்லை. என் வாழ்நாளில் கவுன்சிலில் நான் கண்ட மிகப் பெரிய கருணை, ஆரும் ஒன்றும் செய்யாமல் விட்டதுதான்.

மச்சாளிடம் தேவாரம் கேட்கிற பழைய கசெட் பிளேயர் இருந்தது. போட்டா. முதலில் தெருச் சத்தம். பிறகு என் குரல், இளம் குரல், இங்கிலீஷில்: கிழமை, நேரம், இடம், அதிகாரியின் பதவி.

"ஆரிது, நியூஸ் வாசிக்கிறவன்?" என்றா மச்சாள். "வாயை மூடச் சொல்லுங்கோ."

கதவு திறக்கிற சத்தம். கிளாஸ்கள். பியானோ, அதன் கீழே பேஸ். அவற்றுக்கும் கீழே, மணலில் அலை திரும்புகிற மாதிரி, அவர். மச்சாள் கையால் வாயைப் பொத்திக்கொண்டா. பாதிப் பாட்டில் எதுவோ மாறியது. சிவப்பு லைட்டை அவர் கண்ட இடம் அதுதான். பிரஷ் வேகம் எடுக்கவில்லை, உயரம் எடுத்தது. பியானோ விலகிக்கொண்டது, பேஸ் விலகிக்கொண்டது. அவர் மட்டும். தொலைபேசிப் புத்தகத்தின் மேல் பழகிய கை. எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. என் வாழ்க்கையில் எண்ணாமல் விட்டவற்றில் அதுவும் ஒன்று. அண்ணையின் ஒரே பதிவு அது. அதைப் பதிந்தது அவருக்கு எதிரான சாட்சியாக. அதன் அறிவிப்பாளர் நான்.

கைதட்டல். கதிரை இழுபடும் சத்தம். கசெட் முடிந்துவிட்டது என்று நினைத்து நான் கையை நீட்டினேன். மச்சாள் தடுத்தா. காலடி கிட்ட வந்தது. ரெக்கோர்டருக்கு மிகக் கிட்ட, மூச்சு வாங்கிக்கொண்டு, தமிழில், அண்ணையின் குரல்:

"எப்பிடியடா?"

அதன் பிறகு ஒரு கிளிக். நான் நிறுத்திய சத்தம்.

எனக்கு இது நினைவில் இல்லை. அறிக்கையில் நான் எழுதியது உண்மை: வாசித்தவர்களுடன் உரையாடவில்லை. அவர்தான் என்னோடு உரையாடினார்.

மச்சாள் பின்னால் சுற்றித் திரும்பப் போட்டா. "எப்பிடியடா?" இன்னொரு முறை. "எப்பிடியடா?" மூன்றாம் முறை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. அவ அழவில்லை.

"சொல்லுங்கோவன், தம்பி. கேக்கிறாரெல்லே."

வெளியே ஈரத்தில் ஒரு கார் போயிற்று. அது கார் மட்டுமே.

"நல்லாயிருந்தது, அண்ணை," என்றேன். மச்சாள் போதும் என்று தலையை ஆட்டினா. எழுந்து போய்க் குசினி லாச்சியைத் திறந்து, பிரஷ்ஷைக் கொண்டுவந்து கசெட்டுக்குப் பக்கத்தில் வைத்தா.

உறைக்குள் ஒரு சிறிய துண்டும் இருந்தது, நிரப்பித் திருப்பி அனுப்புவதற்கு. பெற்றுக்கொண்டவர் பெயர். அப்பாவின் பெயரையும் என் பெயரையும் எழுதினேன். பதிவில் உள்ளவருக்கு உறவு. தம்பி. பதில் கிடைத்த திகதி.

நவம்பர் பதினேழு, திங்கட்கிழமை.